மனை எண் 37, மேற்குப் பக்கம் ஐந்தடி

ஜூன் 5, திங்கள்

சிமெண்ட் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி. ஐந்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். நாற்பது வருடம் அடுத்தவர் மனைக்குக் கோடு போட்ட கை, வேலையில்லாமல் இருந்தால் கோபம் வருகிறது. இந்தக் காலத்துப் பேனாக்களில் மையே சரியில்லை, எழுதினால் தெரிவதில்லை. அதனால் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன்.

காலையில் கண் டாக்டரிடம் போய் வந்தேன். சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். இன்னும் ஏதேதோ சொன்னார். சின்ன வயது டாக்டர், அவர்களுக்கு எல்லாமே பெரிய விஷயம்.

திரும்பி வரும்போது வீட்டு கேட்டில் பட்டு ஸ்கூட்டரின் இடது கண்ணாடி உடைந்தது. கேட்டை யாரோ பாதி திறந்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நானும் என் மனைவி தெய்வானையும்தான். அவளிடம் கேட்டதற்கு, "கேட்டு முழுசாத் திறந்துதானுங்க இருந்துச்சு" என்றாள்.

ஜூன் 8, வியாழன்

ஒரு கட்டு கொத்தமல்லிக்கு ஐந்து கிலோமீட்டர். பொன்னி கார்டன் ஆர்ச்சைத் தாண்டி, பைபாஸில் ஏறி, பாலத்தடியில் திரும்பி, மில் வீதிக்குப் போக இரண்டரை. வர இரண்டரை.

இத்தனைக்கும் மில் வீதி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு முட்டுச்சந்து, அது போய்ச் சேருகிற இடம் மில் வீதி. ரஹமத்துல்லாவின் மாவு மில் ஓடுவது எங்கள் சமையலறையில் கேட்கும். அங்கே மிளகாய் அரைத்தால் இங்கே தெய்வானைக்குத் தும்மல். தும்மல் வருகிற தூரத்தில் இருக்கும் கடைக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு போகிறோம்.

இப்படி ஒரு லே-அவுட்டை எந்த மகராசன் போட்டான் என்று யாராவது கேட்டால் நான் வாயைத் திறக்க முடியாது. போட்டது நான்தான். தாமோதரன் அசோசியேட்ஸில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தபோது, தொண்ணூற்றாறில். அறுபத்திரண்டு மனை, நாற்பதடி ரோடு, உள்ளே ஒரு பெட்டிக்கடைகூடக் கிடையாது. ஈரோட்டில் அன்று அதைப் பெரிய நாகரிகம் என்றார்கள்.

ஜூன் 14, புதன்

தெய்வானைக்கு முழங்கையில் சிராய்ப்பு, முட்டியில் வீக்கம். பாலத்தடியில் ரோடு முழுக்க மணல், ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. மற்றபடி ஒன்றுமில்லை. தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றினேன்.

ஜூன் 15, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். மணல் கொஞ்சம்தான் இருந்தது.

ஜூன் 18, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் கலைமதி வந்தாள். அம்மாவின் முட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு என் அலமாரியில் இருந்த டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அப்பா, இது மார்ச் மாசச் சீட்டு. வண்டி ஓட்டக் கூடாதுன்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காங்க."

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்க கண்ணு."

"கிளாக்கோமான்னா என்னன்னு தெரியுமா? நேரா இருக்கறது தெரியும், ரெண்டு பக்கமும் இருக்கறது தெரியாது. சரி, அன்னிக்கு ரோட்டுல மணல் இருந்துதா, இல்லையா?"

தெய்வானை முட்டியைச் சேலையால் மூடிக்கொண்டாள். அன்று பாலத்தடியில் சைக்கிளில் வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் கடைசி நொடியில் ஒதுங்கினாள். நான் அவளை அப்போதுதான் பார்த்தேன். இதை எழுதிவிட்டேன், போதும்.

கலைமதி ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். வண்டி இல்லாமல் இந்த இடத்தில் நாங்கள் இருவரும் எப்படி இருப்பது என்பது அவள் கேள்வி. அதில் தவறு ஒன்றுமில்லை. ஓசூரில் அவள் குடியிருப்பது ஒன்பதாவது மாடி. பக்கத்து ஃபிளாட் காலியாகிறதாம். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி போக மாட்டார்கள், அதனால் ஆனி கடைசிக்குள் வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஜூலை பதினாறுக்கு வேன் சொல்லியாகிவிட்டது. இந்த வீட்டை விற்றுவிடலாமாம்.

தெய்வானை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒம்பதாவது மாடியிலிருந்து கொத்தமல்லிக்கு எப்படிக் கண்ணு போறது?"

"போகவே வேண்டாம்மா. போன்ல சொன்னாப் பத்து நிமிசத்துல கொண்டாந்து குடுத்துருவாங்க."

"கொண்டாறவங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசுவாங்களா?"

கலைமதி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 22, வியாழன்

பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள் தெய்வானை. ஒரு டம்ளரைப் பேப்பரில் சுற்ற ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறாள்.

நான் பெரிய சார்ட் ஒன்றை விரித்து மில் வீதியை வரைந்தேன். இன்றைய வீதியை அல்ல, எண்பதிலிருந்து பதினெட்டு வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீதியை. தடித்த கறுப்பு ஸ்கெட்ச், அரை அங்குலக் கோடு. அளவு எதுவும் பார்க்கவில்லை, எல்லாம் காலிலேயே இருக்கிறது.

வீதி பதினாறு அடி. இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே வீடு. எங்கள் வீட்டுக்குக் கீழே டெய்லர் சாமியப்பன். எதிரில் மாவு மில், அதற்கு மேலே ரஹமத்துல்லா குடும்பம். அவர் பெண்டாட்டியும் தெய்வானையும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசியே பிள்ளை வளர்த்தார்கள். மூன்றாவது கட்டடம் ரேஷன் கடை, ஐந்தாவது காசி டாக்டர், அதற்கு மேல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். திருப்பத்தில் பஸ் ஸ்டாப், நூலகம், கலைமதியின் பள்ளிக்கூடம். உலை வைத்துவிட்டு அரிசி வாங்கப் போகலாம். தெய்வானை உண்மையிலேயே அப்படிப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போதுதான் தண்ணீர் கொதித்திருக்கும்.

ஆடி ஒன்றாம் தேதி வீதி முழுக்கத் தேங்காய் சுடுவோம். தேங்காய்க்குள் வெல்லமும் பருப்பும் எள்ளும் அடைத்து, அழிஞ்சிக் குச்சியில் குத்தி, நடு வீதியில் ஒரே நெருப்பு. முப்பது குச்சி நீட்டியிருக்கும். ஓடு வெடித்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. எது யாருடைய தேங்காய் என்று சண்டை வரும். இங்கே பொன்னி கார்டனில் இருபத்தைந்து வருடமாகக் கார் நிறுத்துகிற இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் சுட்டு, இருவரே தின்கிறோம். போன வருடம் கேஸ் அடுப்பில் சுட்டோம். எனக்கு அந்த வீதியின் மேல் இருக்கிற ஆசை இன்னும் போகவில்லை. இன்றுதான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

தெய்வானை வந்து சார்ட்டைப் பார்த்துவிட்டு, "பூக்காரம்மாவை உட்டுட்டீங்க" என்றாள். போட்டேன்.

ஜூன் 25, ஞாயிறு

பரணை ஒழித்தபோது என் பழைய தகரக் குழாய் கிடைத்தது. அதற்குள் பொன்னி கார்டனின் டிரேசிங் ஷீட், சுருட்டியபடியே இருந்தது. மேஜையில் விரித்தேன். கோடுகள் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீளவாக்கில் விரலை ஓட்டினேன். முப்பத்தேழாம் மனைக்கும் முப்பத்தெட்டாம் மனைக்கும் நடுவில் வந்ததும் விரல் நின்றது. அங்கே தாள் சொரசொரப்பாக இருந்தது.

சுருட்டி உள்ளே வைத்துவிட்டேன். இதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம்.

ஜூன் 26, திங்கள்

போடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூற்றாறில் நான் முதலில் வரைந்த பிளானில் ரோடு முப்பதடிதான். அறுபது மனை, கடைக்கென்று தனியாக ஆறு சின்ன மனை, ஒரு திடல். முப்பத்தேழுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவே பத்தடியில் ஒரு நடைவழி, நேராகப் பின்பக்கச் சந்தில் போய்ச் சேர்ந்து மில் வீதியைத் தொடும். நான் குடியிருந்த வீதியைப் பார்த்து வரைந்தது. ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டேன். என் வாழ்க்கையில் நான் போட்ட நல்ல பிளான் அது ஒன்றுதான்.

நிலத்தின் சொந்தக்காரரான தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டு, "கடை கண்ணி எல்லாம் உள்ள வந்தா மதிப்புப் போயிருமுங்க. பங்களா ஏரியா மாதிரி அகலமாக் காட்டுங்க. அந்தச் சந்தையும் எடுத்துருங்க, மில் வீதி ஆளுக எல்லாம் உள்ள வருவாங்க" என்றார். மில் வீதி ஆளான நான் தலையாட்டினேன். கடைகள் இருந்த இடம் மனைகளாயின. டிரேசிங்கில் மையை அழிக்க ரப்பர் உதவாது. அரை பிளேடை எடுத்து மெதுவாகச் சுரண்ட வேண்டும். சுரண்டினேன். பத்தடியில் ஐந்து இந்த மனைக்கு, ஐந்து அந்த மனைக்கு. வழி போய்விட்டது.

அது மட்டும் என்றால் முதலாளி சொன்னதைச் செய்தேன் என்று இருந்துவிடலாம். தோட்டத்துக்காரர் சந்தோஷப்பட்டு, ஒரு மனையை என் கைக்கு எட்டுகிற விலையில் கொடுத்தார். முப்பத்தேழாம் மனை. இந்த வீடு. மேற்குப் பக்கம் தெய்வானை துணி துவைக்கிற ஐந்தடிதான், மில் வீதிக்குப் போகவேண்டிய வழியில் பாதி.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். சுரண்டிய இடம் வெளிச்சத்தில் தெரியும். அவளுக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"இருவத்தஞ்சு வருசமா அந்தக் கல்லுல துவைக்கிறேன். நிமுந்தா எதுக்க அந்தக் கொல்லைச் செவுருதான். அதுக்கு அந்தப் பக்கம் ரஹமத்துல்லா வீட்டம்மா இருமறது எனக்குக் கேக்கும். அவங்க மௌத்தான அன்னிக்கு ஆட்டோ புடிச்சுச் சுத்திட்டுப் போறதுக்குள்ள அடக்கத்துக்கு எடுத்துட்டாங்க. அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

ஷீட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 27, செவ்வாய்

தெய்வானை பேசவில்லை.

ஜூன் 28, புதன்

பேசவில்லை. ரசத்தில் உப்பும் இல்லை.

ஜூலை 1, சனி

காலையில் மேற்குப் பக்கத்து ஐந்தடியிலிருந்து ஏதோ நகர்த்துகிற சத்தம். போய்ப் பார்த்தால், துவைக்கிற கல்லை வேலைக்கு வரும் பெண்ணோடு சேர்ந்து கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன பண்ற?"

"அஞ்சடி நம்முளுது. அந்தச் செவுரும் நம்முளுது. அதுக்குப் பின்னால பஞ்சாயத்துச் சந்து. யாரைக் கேக்கோணும்?"

"பதினாறாந்தேதி வேன் வருது, தெய்வானை."

"வரட்டும். போறதா இருந்தாலும் அந்த வழியா ஒருக்கா நடந்துட்டுத்தான் போவேன்."

நான் டேப்பை எடுத்து வந்தேன். அவள் ஒரு முனையைப் பிடித்தாள். ஐந்தடி, கால் அங்குலம் கூட. சாக்பீஸால் சுவரில் கதவளவு குறித்தேன். கோடு கோணலாக இருந்திருக்க வேண்டும். அவள் என் கையைப் பிடித்து நேராக்கினாள். நான்கு நாளைக்கு அப்புறம் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

ஜூலை 4, செவ்வாய்

பொன்னி கார்டன் சங்கச் செயலாளர் மனோகரன் வந்தார். கையில் புகார் நோட்டு.

"சார், எல்லாரும் பயப்படறாங்க. அந்தப் பக்கத்துல இருந்து யார் வேணும்னாலும் உள்ள வரலாம்னு ஆயிரும். நாளைக்கு ஒரு நகை போச்சுன்னா யாருங்க பொறுப்பு?"

நான் பதில் தேடுவதற்குள் தெய்வானை காபியோடு வந்தாள்.

"மில் வீதியில பதினெட்டு வருசம் இருந்தமுங்க தம்பி. பகல்ல கதவைச் சாத்துனதே இல்லை. யார் வீட்டுக்கு யார் வர்றாங்கன்னு பார்க்க வீதி நிறைய ஆள் இருந்தாங்க. இங்க போன மாசம் ரெண்டாம் நெம்பர்ல சைக்கிள் போச்சே, பார்த்தது யாரு? கேமராதான? அதுவும் கரண்டு இல்லாம இருந்துச்சாமா."

மனோகரன் காபியைக் குடித்தார். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை மட்டும் திறந்திருக்கும், சாவி எங்களிடம் இருக்கும் என்று ஒத்துக்கொண்டோம். நோட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார். எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கட்டத்தின் மேல் விரல் வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஜூலை 9, ஞாயிறு

சுவரை உடைத்தாயிற்று. மேஸ்திரிக்கு ஒரு மணி நேர வேலை. இருபத்தேழு வருடம் நின்றது.

கடைசிச் செங்கல் விழுந்ததும் அந்தப் பக்கம் மாவு படிந்த பனியனோடு ரஹமத்துல்லா நின்றுகொண்டிருந்தார். தாடி முழுக்க வெளுத்துவிட்டது. அது மாவா நரையா என்று எனக்குத் தெரியவில்லை.

"என்ன பிளான்காரரே, இப்பத்தான் பிளான் முடிஞ்சுதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

ஜூலை 12, புதன்

முதல் நாள் சந்து வழியாகப் போனவர்கள் பதினோரு பேர். நேற்று இருபத்தாறு. இன்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எட்டாம் நம்பர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூட வேனை விட்டுவிட்டு நடந்தே போகின்றன. மதியம் லுங்கி கட்டிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், ஒருவர் முடி வெட்டிக்கொள்ளச் சந்துக்குள் நுழைந்தார். செயலாளர் மனோகரன். போகிறபோது முடி, வருகிறபோது கையில் போண்டாப் பொட்டலம்.

சந்து முனையில், லே-அவுட் ரோட்டோரம், ஒரு கீரைக்கார அம்மா கூடையை இறக்கி உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நான் முதல் பிளானில் ஆறு கடை போட்டிருந்தது சரியாக அந்த இடம்தான்.

ஜூலை 15, சனி

கலைமதி வந்தாள். நாளைக்கு வேன். கட்டிய அட்டைப் பெட்டிகள் கூடத்தில் அடுக்கியிருந்தன.

வந்ததும் அம்மா அவளைச் சந்துக்குள் அழைத்துப் போனாள். ஒரு மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது இரண்டு பேர் வாயிலும் பஜ்ஜி. சாமியப்பன் மகன் இன்னும் அதே மெஷினில்தான் தைக்கிறானாம். காசி டாக்டர் இருந்த இடத்தில் இப்போது ஒரு டாக்டரம்மா, பிரஷர் பார்க்கச் சந்தைத் தாண்டி எண்பது அடி நடந்தால் போதுமாம்.

கலைமதி சந்து முனையில் கொஞ்ச நேரம் தனியாக நின்றாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு சரியாகிடாதுப்பா. அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"வண்டிச் சாவி தர மாட்டேன்."

"வேண்டாம் கண்ணு."

வேன்காரருக்குப் போன் பண்ணினாள். ஆடி போகட்டும், தை வரைக்கும் பார்க்கலாம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். தெய்வானை அப்போதே ஒரு பெட்டியைப் பிரித்து டம்ளர்களை எடுத்தாள். சுற்றத்தான் ஐந்து நிமிடம், பிரிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஜூலை 17, திங்கள். ஆடி ஒன்று

கீரைக்கூடைக்குப் பக்கத்தில், ரோட்டு ஓரத்திலேயே நெருப்பு மூட்டினோம். மில் வீதியிலிருந்து ஏழெட்டுப் பேர், இங்கிருந்து பத்துப் பேர். மனோகரன் குச்சியைப் பிடிக்கிற அழகைப் பார்த்தால் அவர் வாழ்க்கையில் தேங்காய் சுட்டதில்லை என்று எனக்கே தெரிந்தது.

தேங்காய் சூடேறிக்கொண்டிருக்கும்போது தெய்வானை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, ஏலக்காய் தீந்து போச்சு. மாவு மில்லுக்குப் பக்கத்துக் கடையில வாங்கியாறீங்களா?"

"நானா?"

"பின்ன? நான் தேங்காயைத் திருப்போணுமில்ல."

கலைமதி எழுந்தாள். தெய்வானை அவள் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்ததை நான் பார்த்தேன். நேராக இருப்பது எனக்கு இன்னும் தெரியும்.

சந்துக்குள் நுழைந்தேன். இடது கை என் வீட்டுச் சுவரில், வலது கை முப்பத்தெட்டாம் மனைச் சுவரில். இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கு எட்டியது. பத்தடியாகவே விட்டிருந்தால் எட்டியிருக்காது என்று நினைத்தேன். அது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம், அதையும் எழுதி வைக்கிறேன். பிளானில் இருநூற்றுப் பத்தடி, நடந்தால் எண்பத்துநான்கு எட்டு என்று கணக்கு. இன்று தொண்ணூற்றொன்று வந்தது. இருபத்தேழு வருடத்துக்கு ஏழு எட்டு கூடுதல் பெரிதில்லை.

சுவர் முடிந்த இடத்தில் மாவு வாசனை. ரஹமத்துல்லா எட்டிப் பார்த்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"தனியாத்தான்."

மார்ச் மாதத்துக்கு அப்புறம் யார் துணையும் இல்லாமல், யாருக்கும் பயம் கொடுக்காமல் நான் ஒரு கடைக்குப் போனது இன்றுதான்.

திரும்பும்போது பாதிச் சந்தில் எனக்கு உறைத்தது. ஏலக்காய் உள்ளே அடைக்கிற சாமான். வெல்லத்தோடும் எள்ளோடும் அதைப் போட்டு, குச்சியைச் சொருகிய பிறகுதான் தேங்காய் நெருப்புக்கே போகும்.

தெய்வானை சந்து முனைக்கு வந்து நின்றிருந்தாள். பொட்டலத்தை வாங்கி, பிரித்துப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வெரசா வந்துட்டீங்க" என்றாள். தேங்காய் இன்னும் வெடித்திருக்கவில்லை.